கோன் ஃபில்டரும் நுவரெலியா ஏற்றமும்: பிளேன்டீ வைத்து அளந்த கணக்கு

கம்பனி எயார் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவில் திறந்து கிடக்கும் கோன் ஃபில்டர் போட்டால் பத்து ஹோர்ஸ்பவர் கூடும் என்று மச்சான் அடித்துச் சொன்னான். கொழும்பு பஞ்சிகாவத்தையில் அவன் வாங்கி வந்த ஃபில்டரின் அட்டைப் பெட்டியிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அவன் காரை விற்றதும் ஃபில்டர் என் கைக்கு வந்து சேர்ந்தது. என்னுடையது 121 கொரோலா, 1500 சீசீ, 1என்இசட் இஞ்சின். கம்பனிக் கணக்கில் 6000 ஆர்பிஎம்மில் 109 ஹோர்ஸ்பவர்.

அந்த 109 கடல் மட்டத்துக் கணக்கு. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கீழே 101 கிலோபாஸ்கல் இருக்கும் காற்றமுக்கம் இங்கே 81 அளவுதான். காற்றை அமுக்கி ஊட்டும் டர்போ இல்லாத இஞ்சினுக்கு ஐந்தில் ஒரு பங்கு பவர் ஏறும் வழியிலேயே போய்விடுகிறது. குளிர் கொஞ்சம் திருப்பித் தரும்: கொழும்பில் 30 பாகை, இங்கே 16 என்றால் காற்றின் அடர்த்தி 5% அளவு கூடும். எப்படிப் பார்த்தாலும் என் கார் இங்கே 90 ஹோர்ஸ்பவரைச் சுற்றித்தான் நிற்கிறது. கார் இழுக்கவில்லை என்ற குறை மலைநாட்டில் எல்லாரிடமும் உண்டு. இன்டேக், அதாவது காற்று உறிஞ்சும் பாகங்கள் விற்கிறவர்களுக்கு அது வசதி.

பவரை அளக்கும் டைனோ மெஷினில் காரை ஏற்றிப் பார்க்கலாம் என்றால் அதற்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் மலைக்காற்று இருக்காது. அதனால் வேறு வழி பிடித்தேன். இன்டேக் மாற்றுவதால் நடக்கக்கூடியது ஒன்றுதான்: இஞ்சின் காற்றை உறிஞ்சும்போது வழியில் உள்ள தடை குறையும். தடையை அளந்துவிட்டால் பவர் கணக்கு தானாக வரும்.

மேசன் பாஸ்மார் மட்டம் பார்க்கும் தெளிவான லெவல் குழாயில் ஒரு துண்டு வாங்கி, யூ வடிவில் பலகையில் கட்டி, பாதி வரைக்கும் பிளேன்டீ ஊற்றினேன். வெறும் தண்ணீரை விட அது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். வால்வ் கவரில் இருந்து எயார் குழாய்க்கு வரும் பிரீதர் ஹோஸில் ஒரு டீ ஜொயின்ட் போட்டு, அங்கிருந்து மெல்லிய குழாயை உள்ளே இழுத்து ஒரு முனையில் மாட்டினேன். மறு முனை சும்மா திறந்தபடி. இஞ்சின் உறிஞ்சினால் ஒரு பக்கம் டீ ஏறும், மறுபக்கம் இறங்கும். இரண்டு மட்டத்துக்கும் இடையில் 10 சென்ரிமீற்றர் இருந்தால் ஏறக்குறைய ஒரு கிலோபாஸ்கல். குழாயை நீளமாக விட வேண்டும், இல்லாவிட்டால் டீயை இஞ்சின் குடித்துவிடும். ஜன்னல் கண்ணாடிகளையும் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும்; மூடியிருந்தால் காருக்குள் இருக்கும் அமுக்கம் கணக்கைக் குழப்பும்.

இதற்கு வேகமாக ஓடத் தேவையில்லை. முதல் கியரில் முழு எக்ஸிலேட்டர் கொடுத்து 6000 ஆர்பிஎம் தொட்டாலே இஞ்சின் உறிஞ்சக்கூடிய அவ்வளவு காற்றையும் உறிஞ்சிவிடும். நானுஓயாவில் இருந்து பிளாக்பூல் சந்திக்கு ஏறும் ரோட்டில், ஞாயிறு விடியற்காலையில் செய்தோம். நான் ஓட்ட, மச்சான் பலகையை மடியில் வைத்துப் போனில் வீடியோ எடுத்தான்.

தோட்ட ரோட்டுப் புழுதி குடித்த பழைய கடதாசி ஃபில்டரில் 28 சென்ரிமீற்றர் வித்தியாசம். அதே கம்பனிப் பெட்டியில் புதுக் கடதாசி ஃபில்டர் போட்டதும் 17. கோன் ஃபில்டரில் 6.

புது ஃபில்டருக்கும் கோனுக்கும் 11 சென்ரிமீற்றர், அதாவது 1.1 கிலோபாஸ்கல். 81இல் அது 1.4% கூட இல்லை. ஹோர்ஸ்பவராக மாற்றினால் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. அதுவும் 6000இல் மட்டும். ஏற்றத்தில் நாம் ஓட்டும் 2500, 3000இல் காற்றோட்டம் பாதிதான், தடையோ நாலில் ஒரு பங்காகிவிடும். டீ அசைவதே அரிது. பழைய ஃபில்டரைக் கழற்றிப் புதிதைப் போட்டதிலும் இதே 11 சென்ரிமீற்றர் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். விலையோ கோனில் ஒரு சின்னப் பங்கு.

“டேய், இழுவை தெரியலையா உனக்கு?” என்றான் மச்சான், கோன் போட்டு அவன் ஓட்டியபோது. இழுவை இல்லை, சத்தம். கம்பனிக் குழாயில் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வெற்றுப் பெட்டி உறிஞ்சும் சத்தத்தை அமுக்கத்தான் இருக்கிறது. அது போனதும் இஞ்சின் மாட்டு மூச்சு மாதிரி சீறுகிறது. ஸ்டொப்வொச்சில் பார்த்தால் இரண்டும் கை பிசகும் அளவுக்குள்தான். சத்தம் எனக்கும் பிடித்திருந்தது, அதை மறைக்கவில்லை.

பெரிய விஷயம் அடுத்தது. மீன் தொட்டிக்கு வைக்கும் டிஜிட்டல் தெர்மோமீற்றரின் வயரை ஃபில்டர் வாயில் கட்டிவிட்டு, கரட்டும் லீக்ஸும் ஏற்றிய ஒரு லொறிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறினேன். வெளியே 17 பாகை. கம்பனிப் பெட்டியில் 22, ஏனென்றால் அதன் வாய் முன்பக்கத்துக் காற்றைத்தான் எடுக்கிறது. பொனட்டுக்குள் திறந்து கிடக்கும் கோனில் 48. கெல்வினில் கணக்குப் போட்டால் காற்றின் அடர்த்தி 8% குறைகிறது. உள்ளே போகும் வழியில் எப்படியும் சூடாகும் என்று அதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மூன்று ஹோர்ஸ்பவருக்கு மேல் நட்டம். ஒன்றைக் கொடுத்து மூன்றைப் பிடுங்கும் வியாபாரம். வேகம் எடுத்தால் சூடு இறங்குகிறது, ஆனால் நம்ம ரோட்டில் வேகம் எடுப்பது எப்போது?

கராஜ் பாஸிடம் காட்டினேன். அவர் டீக்குழாயைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கேட்டார், “தம்பி, எயார் ஃப்ளோ சென்சரை எந்தக் குழாயில போட்டீங்க?” நான் கம்பனிக் குழாயிலேயே விட்டிருந்தேன். அது நல்லது என்றார். இன்டேக் கிட்டோடு வரும் அகலக் குழாயில், உள்ளே போகும் காற்றை அளக்கும் அந்தச் சென்சரை மாற்றினால் இஞ்சின் கம்ப்யூட்டருக்குப் பொய்க் கணக்கு போகும். விட்டம் 10% கூடினால் வாய்ப் பரப்பு 21% கூடுகிறது. சென்சரோ தன் முன்னால் ஓடும் காற்றை மட்டும்தான் பார்க்கிறது. காற்றைக் குறைத்துச் சொல்லும், பெட்ரோல் குறையும். எண்ணெய் போட்ட பஞ்சு ஃபில்டர் என்றால் அந்த எண்ணெய் சென்சர் கம்பியில் படிகிற தொல்லை வேறு.

சித்திரை சீசனில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டிக்கு வரும் கார்களில் திறந்த இன்டேக் இருக்கிறதே என்று மச்சான் விடவில்லை. 1934 முதல் நடக்கிற போட்டி அது. ரேஸுக்கென்று கேம், எக்ஸோஸ்ட், கம்ப்யூட்டர் எல்லாம் மாற்றி, உச்ச ஆர்பிஎம்மிலேயே ஓடும் இஞ்சினுக்கு உறிஞ்சும் வழியும் அகலமாக வேண்டும்தான். கோயிலுக்கும் சந்தைக்கும் போகிற என் கொரோலாவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இப்போது காரில் கம்பனிப் பெட்டியும் புதுக் கடதாசி ஃபில்டரும். கோனைச் சுற்றித் தகரத்தில் ஒரு தடுப்பு அடித்து, முன்பக்கத்தில் இருந்து தனிக் குழாய் இழுத்தால் 48 எவ்வளவுக்கு இறங்கும் என்று பார்க்க ஆசை. ஆனால் குழாயின் வாயைத் தாழ வைக்க முடியாது. வட்டவளைப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் ரோட்டில் ஓடும் தண்ணீரை உறிஞ்சினால் பிஸ்டனைத் தாங்கும் கொன்ரொட் வளைந்துவிடும். அதோடு, அவிசாவளைக்கு இறங்கும் நாளில் பலகையையும் எடுத்துப் போகப் போகிறேன். கீழே காற்று கனம், டீ இன்னும் கொஞ்சம் உயர ஏற வேண்டும்.