மார் சாபா மடத்துக்கு வெளியே

பெத்லகேமிலிருந்து கிழக்கே, உபைதியா ஊரைத் தாண்டினால் யூதேயப் பாலைவனத்தின் மொட்டைக் குன்றுகள்தான். அப்புறம் திடீரென்று, கெதரோன் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சரிவைப் பற்றிக்கொண்டு மார் சாபா மடம் தெரிகிறது.

பெண்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. மதிலுக்கு வெளியே தனியாக நிற்கும் ‘பெண்கள் கோபுரம்’ என்ற கட்டடம் வரைக்கும்தான். தெரிந்துதான் போனோம். ஆனாலும், “இவ்வளவு தூரம் வந்து வாசலோடு திரும்பணுமா?” என்று எங்கள் குழுவில் ஒரு அக்கா முணுமுணுத்தார். கணவர்மார்கள் உள்ளே போக, நாங்கள் பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்தோம்.

எனக்கென்னவோ பார்க்க வேண்டியது வெளியேதான் இருந்தது. எதிர்ப்பாறை முழுக்கக் குகைகள். இன்றைய துருக்கியிலுள்ள கப்பதோக்கியாவில் பிறந்து, இந்த மடத்தை நிறுவிய துறவி புனித சாபா முதலில் தங்கியதும் அந்தப் பக்கத்துக் குகை ஒன்றில்தான். ஏறி இறங்க வாயிலில் ஒரு கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாராம். பிறகு சீடர்கள் சேர, 483இல் இது துறவிகள் குடியிருப்பானது. வாரநாட்களில் அவரவர் குகையில் தனியாகச் செபம், கூடை முடைதல். சனி, ஞாயிறு மட்டும் பொதுக்கோவிலில் வழிபாடு. குகைகளையும் கோவிலையும் சேர்த்தது பாறையோர ஒற்றையடிப் பாதை. இத்தகைய இடத்தை ‘லாவ்ரா’ என்றார்கள். ஹோமர் காலத்துக் கிரேக்கத்தில் குறுகலான சந்துக்கு இருந்த பெயர் அது. அந்தச் சந்தின் மிச்சத்தைக் கண்ணாலேயே தொடர்ந்து போனேன். குகை வாயிலைப் பாதி அடைத்த கல்சுவர், அதில் கையகல ஜன்னல், அதற்கப்பால் பாதையே இல்லை, வெறும் பாறை. அங்கே ஒருவர் வாழ்நாளெல்லாம் இருந்திருக்கிறார் என்று நினைத்ததும் தானாகவே ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டேன். முணுமுணுத்த அக்காதான் ஜெபமாலையின் முதல் பகுதியான முதல் மறையுண்மையைத் தொடங்கினார்.

நாங்கள் போனபோது கீழே ஓடியது எருசலேமின் கழிவுநீர். காற்று திரும்பும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டே செபித்தோம். புனிதத்தலம் என்பதற்காக இதை மறைப்பானேன்?

உள்ளே போனவர்கள் பார்த்ததையும் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பேழையில் சாபாவின் உடல். சிலுவைப்போர்க் காலத்தில் வெனிஸுக்குப் போனதை, 1965இல் திருத்தந்தை ஆறாம் பவுல் திருப்பி அனுப்பினார். 614இல் பாரசீகப் படையெடுப்பின்போது கொல்லப்பட்ட துறவிகளின் மண்டையோடுகளும் அங்கே இருக்கின்றன. இறையியல் அறிஞரான தமஸ்கு நகரப் புனித யோவான் வாழ்ந்ததும் இங்கேதான். என் கணவர் வெகுநேரம் பேழையைப் பற்றியே பேசினார். எதிரே இருந்த குகைகளைக் காட்டினேன். “அட, நான் கவனிக்கவே இல்லையே!” என்றார்.

புதன், வெள்ளியில் மடம் திறப்பதில்லை. பள்ளத்தாக்கில் இறங்கி எதிர்ச்சரிவில் ஏறுகிற பாதையில் பெண்களும் போகலாம். எங்களுக்கு நேரமில்லை, நீங்கள் போனால் வேன்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, வெயிலுக்கு முன் இறங்கிவிடுங்கள்.