கண்ணுப்பிள்ளைச் செடியை அடையாளம் காண்பது

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் கண்ணுப்பிள்ளை, கூரைப்பூ, பொங்கல் பூ என்றும், நாட்டு மருந்துக் கடைகளில் சிறுபீளை என்றும் வழங்கும் செடியைப் போகிக்கு முந்தைய நாட்களில் நகரத்தார் கட்டுக்கட்டாக விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதே செடி தெருமுனைக் காலிமனையிலும், கண்மாய்க் கரையிலும், நாகமலைச் சரிவிலும், ஒத்தக்கடை யானைமலை அடிவாரத்திலும் கேட்பாரற்று வளர்ந்து நிற்கிறது. விலை கொடுத்து வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் கட்டாகப் பார்த்தால் மட்டுமே தெரிகிற செடி, வேரோடு நிற்கும்போது தெரியாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

தரையோடு படர்ந்தோ, முழங்கால் உயரத்துக்கு நிமிர்ந்தோ வளரும் சிறு செடி இது. அடித்தண்டு சற்றே கட்டையாகிவிடுவதால் கோடையில் காய்ந்ததுபோல் கிடந்தாலும் மழை விழுந்தவுடன் துளிர்த்துக்கொள்ளும். இலைகள் நீள்வட்டமாக, தண்டில் மாற்றி மாற்றி அமைந்திருக்கும். ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெண்ணிற மயிர் அடர்ந்து சாம்பல் பூத்தாற்போல் தெரியும். பூக்கள் கிளை நுனியில் ஒரே கொத்தாக நில்லாமல், ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் (இலை தண்டோடு சேரும் இடத்தில்) ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு கதிர்களாக, காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். முற்றிய கதிரை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்து ஊதினால் பஞ்சு பறந்துபோய், கடுகைவிட மிகச் சிறிய, பளபளப்பான கருப்பு விதைகள் கையில் தங்கும். இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்த்தவர்களுக்குச் செடி பிறகு மறக்காது.

குழப்பம் வருவது அதன் உறவுக்காரச் செடிகளால்தான். கண்ணுப்பிள்ளை கீரைக் குடும்பத்தைச் சேர்ந்தது; தண்டங்கீரை, பொன்னாங்கண்ணி, நாயுருவி எல்லாம் அதே குடும்பம்தான். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதற்குப் பெயரிட்டபோது நாயுருவியின் பேரினத்திலேயே சேர்த்திருந்தார். ஏர்வா லனாட்டா என்ற இன்றைய தாவரவியல் பெயர் பின்னால் வந்தது. பொன்னாங்கண்ணிக்கும் இலைக்கக்கத்தில்தான் வெள்ளைப் பூ வரும். ஆனால் அதன் இலைகள் எதிரெதிராக இணைந்திருக்கும், மழமழவென்றிருக்கும், பூவும் காகிதம்போல் சரசரக்கும். சாலையோரங்களில் இப்போது பரவிக் கிடக்கும், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காட்டு வாடாமல்லியைத்தான் பலர் கண்ணுப்பிள்ளை என்று பறித்துவிடுகிறார்கள். அதற்கும் இலைகள் எதிரெதிர். வெள்ளைப் பூ கிளையின் நுனியில் உருண்டு நிற்கும். ஆகவே வெண்மையைப் பார்த்து ஏமாறாமல் இலை மாற்றி அமைந்திருக்கிறதா, பூ கக்கத்தில் இருக்கிறதா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பூளை என்ற இன்னொரு செடியும் உண்டு. அதன் வெண்கதிர்கள் விரல் நீளத்துக்கு வளரும். வரகுச் சோற்றுக்குப் பூளைப்பூவை உவமையாக்கிய சங்கப் புலவர் அதை நீண்ட கதிருடையது என்று சொல்வதால், அவர் கண்டது பெரும்பூளையாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழிப் பனியில் செடி நிறையப் பூத்து நிற்பதால் தைப்பொங்கலுக்கு இது பொருந்தி வந்திருக்கிறது. வேப்பிலை, ஆவாரம்பூ, கண்ணுப்பிள்ளை ஆகிய மூன்றையும், சில வீடுகளில் மாவிலையையும் சேர்த்துக் காப்புக் கட்டி நிலைவாசலிலும், கூரை இறவாணத்திலும், மாட்டுத் தொழுவத்திலும் செருகுவார்கள். காய்ந்தாலும் உதிராமல் நிறம் மாறாமல் இருப்பதால் கூரையில் செருகியது பல மாதங்களுக்கு அப்படியே இருக்கும்.

மருந்தாக இதன் பெரும்பயன் சிறுநீர்க் கோளாறுகளுக்குத்தான். நீர்க்கடுப்பு, நீரடைப்பு, கல்லடைப்பு ஆகியவற்றுக்குச் சித்த மருத்துவத்தில் சிறுபீளையைச் சமூலமாக, அதாவது வேர் முதல் பூ வரை முழுச் செடியாகக் குடிநீர் வைப்பார்கள்; நெருஞ்சிலைச் சேர்ப்பதும் உண்டு. கேரளத்தில் தசபுஷ்பங்கள் என்று போற்றும் பத்துச் செடிகளில் இது ஒன்று. இலங்கையில் பொல்பலா என்ற பெயரில் தேநீர்போலக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். சிறுநீரைப் பெருக்கும் என்பதில் பாட்டி வைத்தியமும் சித்த மருத்துவமும் ஒத்துப்போகின்றன.

இருந்தாலும், கல் கரையும் என்று கேள்விப்பட்டு மாதக்கணக்கில் தினமும் குடிப்பதை நான் ஏற்கமாட்டேன். கீரைக் குடும்பத்துச் செடிகளில் ஆக்சலேட் என்னும் உப்பு கூடுதலாக இருப்பது தெரிந்த விஷயம். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவையும் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. கல் எந்த வகை, எவ்வளவு பெரியது என்று பரிசோதித்துப் பார்க்காமல் யாரும் இதைக் குடிக்கக் கூடாது. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடவே கூடாது. மற்றவர்களும் சித்த மருத்துவரைக் கேட்டு, அவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டும் குடிப்பதே முறை.

பறிக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். காப்புக் கட்டுவதற்கு எங்கே பறித்தாலும் சரிதான்; பூத்த கிளைகளை மட்டும் ஒடித்துக்கொண்டு வேரை விட்டுவிட்டால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் தழைக்கும். மருந்துக்கென்றால் நான்குவழிச் சாலை ஓரத்திலும், சாக்கடை ஓரத்திலும், களைக்கொல்லி தெளித்த வரப்பிலும் நிற்கும் செடியை எடுக்காமல், ஊருக்கு வெளியே தரிசில் நிற்பதை எடுத்து மண் போக அலசி நிழலில் உலர்த்திக்கொள்ள வேண்டும்.