எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர்

எங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் நவம்பர் 26 அன்று அரசமைப்பின் முகப்புரையை வாசிப்பது ஆறு வருடமாக என் பொறுப்பு. நான் ஒரு துண்டு வாசிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். முகப்புரை முழுவதும் ஒரே வாக்கியம். ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று தொடங்கினால், நாம் என்ன செய்கிறோம் என்ற வினைச்சொல் கடைசியில்தான் வரும். தப்பான இடத்தில் நிறுத்தினால் சொல்கிறவர்களுக்குப் பொருள் பிடிபடாது. அதனால் முதல் நாளே தாளில் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்வேன். ‘ஈங்கிதனால்’ என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் கட்டாயம் ஒரு கோடு இருக்கும்.

2015-இல்தான் இது அரசமைப்பு நாளாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் வழக்கறிஞர்கள் இதைச் சட்ட நாளாகக் கொண்டாடிவந்தார்கள். குடியரசு நாள் அளவுக்கு இதைப் பலருக்குத் தெரியாது. ஆனால் குடியுரிமை, தேர்தல் ஆணையம் பற்றிய பிரிவுகள் ஜனவரி 26 வரை காத்திருக்கவில்லை. 1949 நவம்பர் 26 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டன. வாக்காளர் பட்டியல் வேலை பார்க்கிற எனக்கு அதில் தனிப் பெருமை உண்டு.

போன வருடம் வாசிப்பு நடந்தபோது, பட்டா மாறுதலுக்காக வந்திருந்த ஒரு வயதான அம்மா மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு எங்களோடு எழுந்து நின்றார். ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். முடிந்ததும் நேராக என் மேசைக்கு வந்தார்.

“பத்திரம் மாதிரியே தேதி எல்லாம் போட்டிருக்கே தம்பி. எழுதிக் கொடுத்தது யாரு? எழுதி வாங்கினது யாரு?”

இத்தனை வருடம் வாசித்தும் எனக்கு இப்படிக் கேட்கத் தோன்றவில்லை. தாளை எடுத்துக் கடைசி வரியைக் காட்டினேன். ‘1949, நவம்பர் இருபத்தாறாம் நாளாகிய இன்று’ என்று தேதி. அப்புறம், ‘நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம்’.

“ரெண்டு பேரும் நாமதாம்மா” என்றேன்.

அவர் விடவில்லை. “கையெழுத்து?”

1950 ஜனவரி 24 அன்று அரசமைப்புப் பேரவை உறுப்பினர்கள் 284 பேர் கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். பேரவையில் பெண்கள் இருந்தார்களா என்று கேட்டார். சென்னை மாகாணத்திலிருந்து போன அம்மு சுவாமிநாதன், தாட்சாயிணி வேலாயுதன், துர்காபாய் என்று மூன்று பெயர் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

“அப்ப சரி. மூலப் பத்திரம் பத்திரமா இருக்கா?”

டெல்லியில் நாடாளுமன்ற நூலகத்தில், காற்றுப் படாத கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகுதான் பையைத் திறந்து தன் கிரயப் பத்திரத்தை என் முன்னால் வைத்தார்.

இந்த வருடத் தாளிலும் கோடுகள் போட்டுவிட்டேன். ‘நமக்கு நாமே’ என்பதற்கு முன்னால் புதிதாக ஒரு கோடு சேர்த்திருக்கிறேன்.