பலவீனமான இதயத்துக்கு எதற்கு வேகத்தைக் குறைக்கும் மாத்திரை?

பெரியப்பாவுக்கு இதயச் செயலிழப்பு என்று பைசோப்ரோலால் எழுதிக் கொடுத்தார்கள். அவருக்கு ஒரே சந்தேகம். "ஏம்ப்பா, இதயம் பலமா அடிக்கலைங்கறாங்க. அப்புறம் அதை அடக்குற மாத்திரையையே கொடுக்கறாங்க. இது என்ன கணக்கு?" இதயச் செல்களின் நொதிகளோடுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

எலியின் இதயத்திலிருந்து பிரித்த ஒற்றைச் செல்லுக்கு மின்தூண்டல் கொடுத்தால், நுண்ணோக்கிக்குக் கீழே அது சுருங்கி விரியும். அதன்மேல் அட்ரினலின் போன்ற ஐசோப்ரோடெரினாலை விட்டால் சுருக்கம் பலமாகும். புதிதாக வரும் மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் வாயைப் பிளப்பார்கள். எனக்குப் பிடித்தது அடுத்த பாதி: செல் விரிவதும் வேகமாகிவிடும்.

காரணம் பாஸ்போலாம்பன் என்ற குட்டிப் புரதம். கால்சியத்தைச் செல்லுக்குள் இருக்கும் கிடங்குக்குத் திருப்பி அனுப்பும் பம்ப்பை அது பிடித்து வைத்திருக்கிறது. செல்லின் மேற்பரப்பில் அட்ரினலினுக்குக் காத்திருக்கும் பீட்டா ஏற்பியை அட்ரினலின் தொட்டதும், உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு உருவாகி, புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதி விழித்துக்கொள்ளும். அது பாஸ்போலாம்பனின் 16-வது இடத்தில் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். அவ்வளவுதான், பிடி தளர்ந்துவிடும். கால்சியம் சட்டென்று கிடங்குக்குத் திரும்ப, தசை தளரும். கிடங்கு நிறைந்திருப்பதால் அடுத்த துடிப்பும் பலமாக இருக்கும். ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்ற வேறு நொதிகள் உண்டு. இந்த ஒட்டிக் கழற்றும் முறையைக் கண்டதற்காகத்தான் 1992-இல் பிஷருக்கும் கிரெப்ஸுக்கும் நோபல் கிடைத்தது.

ஓடும்போதும் பயப்படும்போதும் இது அருமையான ஏற்பாடு. செயலிழந்த இதயத்திலோ மாதக்கணக்கில் இதே விரட்டல்தான். செல் என்ன செய்யும்? காதைப் பொத்திக்கொள்கிறது. ஜிஆர்கே2 என்ற நொதி ஏற்பிகளைக் குறிவைத்துச் செயலிழக்கச் செய்கிறது. பீட்டா-1 ஏற்பிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிடும். இன்னொரு பக்கம் காம்கைனேஸ் 2 என்ற நொதி அணையாமல் எரிந்து, கிடங்கின் கதவுகளைக் கசிய விடுகிறது. துடிப்புகளுக்கு இடையே ஒழுகும் கால்சியம் ஒழுங்கற்ற துடிப்பைக் கிளப்பும். திடீர் மரணத்துக்கு இதுவும் ஒரு வழி.

பெரியப்பாவைப் போலவே மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் யோசித்தது. சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுத்தால் இதயம் பலப்படுமே என்று மில்ரினோன் மாத்திரையைச் சோதித்தார்கள். 1991-இல் முடிவு வந்தது: தீவிர இதயச் செயலிழப்பு உள்ள 1,088 பேரில், மாத்திரை எடுத்தவர்களிடையே இறப்பு 28 சதவீதம் அதிகம். பைசோப்ரோலால் இதற்கு நேர் எதிர்: பீட்டா ஏற்பியை மறித்து, அட்ரினலின் அதைத் தொடாமல் தடுக்கும். 1999-இல் வெளிவந்த அதன் ஆய்வில் 2,647 பேர். அங்கே இறப்பு 17.3 சதவீதத்திலிருந்து 11.8-ஆகக் குறைந்தது. எந்தப் பாடநூல் விளக்கத்தையும்விட இந்த இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எனக்குப் போதுமான பதில்.

ஆனால் இந்த மாத்திரையை மிகச் சிறிய அளவில் தொடங்கி மெதுவாகத்தான் கூட்டுவார்கள். நம் இஷ்டத்துக்குத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அடக்கி வைத்த தூண்டல் ஒரேயடியாகப் பாயும்.

சரி, அந்த காம்கைனேஸ் 2-ஐயே நேராக அணைத்துவிடலாமே? ஆசைதான். ஆனால் மூளையில் நினைவு பதிவதற்கும் அதே குடும்ப நொதிதான் வேண்டும். ஆய்வகத்தில் நாங்கள் விடும் கேஎன்-93 அதை நிறுத்தும், கூடவே வேறு அயனி வாயில்களிலும் கை வைக்கும். செல்லுக்குக் கொடுக்கலாம், பெரியப்பாவுக்குக் கொடுக்க முடியாது.