‘ஆர்’ என்று போட்டிருந்த கோப்பு

மாமனார் ஆசைப்பட்டாரே என்று ஆரம்பித்த வேலை, அவருடைய முன்னோரைத் தேடுவது. என் கணவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வர்ஜீனியாக்காரர்கள். முன்னோர் ஒருவர் அமெரிக்கப் புரட்சிப் போரில் சண்டை போட்டார் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. காகிதம்தான் கிடையாது.

அந்தப் போர் வீரர்களுக்கான ஓய்வூதியக் கோப்புகளில் பெயர் லேசில் அகப்படவில்லை. எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டு ஐந்தாவது தடவை கிடைத்தது; அந்தக் காலத்து குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். ஆனால் எண்ணுக்கு முன்னால் ‘ஆர்’. வீரரே வாங்கிய பென்ஷன் என்றால் எஸ், விதவை வாங்கியது என்றால் டபிள்யூ, ஆர் என்றால் நிராகரிப்பு. போருக்கே போகாமல் பணம் கேட்ட ஆள் போல என்று நானே தீர்ப்பெழுதி, மாமனாரிடமும் சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் மனசு கேட்காமல், திருமணப் பதிவாவது கிடைக்குமா என்று அவர்களுடைய கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்துக்கு போன் செய்தேன். “பழைய பதிவேடெல்லாம் இருக்கிறது, வாங்க” என்றார்கள். நான்கு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போனால், அங்கே ‘பழையது’ என்பது 1866-இல்தான் ஆரம்பிக்கிறது! அதற்கு முந்தியதெல்லாம் உள்நாட்டுப் போரில் எரிந்துவிட்டதாம். கவுன்டரில் இருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். போனில் பேசும்போதே எந்த வருடத்திலிருந்து என்று கேட்டுவிடுங்கள்.

வெறுங்கையோடு திரும்பிய பிறகுதான் கவனித்தேன்: நான் பார்த்தது எம்805 என்ற மைக்ரோஃபிலிம் தொகுப்பு. பெரிய கோப்புகளிலிருந்து பொறுக்கியெடுத்த பக்கங்கள் மட்டுமே அதில் இருக்கும். முழுக் கோப்பு எம்804-இல். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே பார்த்தேன்.

மனு போட்டது அவருடைய விதவை. 1781-இல் கில்ஃபர்ட் கோர்ட்ஹவுஸ் சண்டையில் அந்த முன்னோரோடு நின்ற ஒருவர் சத்தியம் செய்து சாட்சி சொல்லியிருக்கிறார். போருக்குப் போனதை யாரும் மறுக்கவே இல்லை. விதவைகளுக்கான 1838 பென்ஷன் சட்டப்படி, 1794 ஜனவரி 1-க்கு முன் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். இவர்களுடையது 1794 பிப்ரவரியில். அவ்வளவுதான் குற்றம். 1848-இல் அந்தக் கெடுவை 1800 வரை நீட்டினார்கள். கல்லறைக் கல்லின்படி அந்த விதவைப் பாட்டி 1843-லேயே போய்விட்டார்.

ஆகவே ஆர் என்றதும் மூடிவிடாதீர்கள், காரணத்தைப் படியுங்கள். 1800-க்கு முன் கொடுத்த மனுக்களைத் தேடி மட்டும் அலைய வேண்டாம். 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்ததில் அவை போய்விட்டன.

கவுன்டியில் எரிந்துபோன கல்யாணத் தேதிக்கு ஆதாரம் இந்தக் கோப்பிலேயே இருந்தது. பாட்டி குடும்ப பைபிளிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மனுவோடு அனுப்பியிருக்கிறார். பிள்ளைகள் பிறந்த தேதியெல்லாம் வரிசையாக அதில் இருக்கிறது.

நான் போர்ச் சாட்சியத்தைத்தான் அச்செடுத்துக் கொடுத்தேன். மாமனார் அதை ஓரமாக வைத்துவிட்டு, பைபிள் தாளைப் பெரிதாக எடுத்துத் தரச் சொன்னார்.