ஒன்பது மணி மாத்திரை

2023 ஆகஸ்டில், பதினோராவது வாரத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுக்கும் ரத்தச் சோதனைக்குக் கை நீட்டினேன். இரண்டு நாள் கழித்து, கணவரையும் அழைத்துக்கொண்டு, எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு வரச் சொன்னார்கள். இருவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நாங்கள் ஒரு வாரம் அடித்துக்கொண்டோம். அந்த வாரத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அதற்குள் எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து தொடங்கிவிட்டது. ஒரே மாத்திரைக்குள் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் என்று மூன்று மருந்துகள், சுருக்கமாக டி.எல்.டி. முதல் இரவு அதைக் கையில் வைத்துக்கொண்டு கைபேசியில் தேடியதுதான் நான் செய்த முதல் தவறு. டோலுடெகிராவிர் சாப்பிட்டால் குழந்தையின் முதுகுத்தண்டில் குறை வரலாம் என்று ஒரு பழைய செய்தி வந்தது. விழுங்காமலே விடிந்துவிட்டது.

மறுநாள் மருத்துவர் கோபிக்கவில்லை. போட்ஸ்வானாவில் நடந்த ஆய்வில் 2018-இல் அப்படி ஒரு சந்தேகம் எழுந்தது உண்மைதான் என்றார். மேலும் பல ஆயிரம் பிரசவங்களைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டதாம். 2019-இலேயே உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கும் சேர்த்து இதையே முதல் மருந்தாகப் பரிந்துரைத்துவிட்டது. "அதோடு, தண்டுவடம் மூடுவது கர்ப்பத்தின் ஆறாவது வாரத்துக்குள் முடிந்துவிடும். நீங்கள் வந்ததோ பதினோராவது வாரத்தில். மருந்தைச் சாப்பிடாமல் இருப்பதுதான் குழந்தைக்கு ஆபத்து" என்றார். சிகிச்சையே இல்லாவிட்டால் நூற்றில் பதினைந்து முதல் நாற்பத்தைந்து குழந்தைகளுக்குத் தொற்றலாம்; ஒழுங்காக மருந்து எடுத்தால் அது ஐந்துக்கும் கீழே வந்துவிடும். அன்று இரவு ஒன்பது மணிக்கு விழுங்கினேன். காலையில் வாந்தி இருந்ததால் இரவு நேரத்தை அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

மாத்திரை டப்பா பஸ்ஸில் கிலுகிலுப்பை போலச் சத்தம் போடும். உள்ளே கொஞ்சம் பஞ்சு வைக்கச் சொல்லித்தந்தவர் மையத்து வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா. 2008-இல் அவருக்குப் பிரசவ வலி வந்தபோது நெவிரபின் என்ற எச்.ஐ.வி. மாத்திரை ஒன்று, பிறந்த குழந்தைக்குச் சில சொட்டு மருந்து, அவ்வளவுதான் கொடுத்தார்களாம். அந்தப் பையனுக்குத் தொற்று இல்லை, அப்போது பத்தாம் வகுப்பு. எந்த மருத்துவர் சொன்னதையும்விட அந்தப் பத்தாம் வகுப்புதான் எனக்குத் தெம்பு தந்தது.

வீட்டில் மாமியாரிடம் தைராய்டு மாத்திரை என்று சொல்லிவைத்தோம். பக்கத்து வீட்டு அத்தை உண்மையான தைராய்டு நோயாளி. "அதைக் காலையில் வெறும் வயிற்றில் அல்லவா போடுவார்கள்?" என்று கேட்டுவிட்டார். இது வேறு வகைத் தைராய்டு என்றார் என் கணவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

பொய்யால் வந்த உண்மையான சிக்கல் வேறு. மூன்று மாதம் முடிந்ததும் கிராம சுகாதார செவிலியர் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் கொடுத்து, இரும்பை இரவு படுக்கப்போகும்போது போடச் சொன்னார். மற்ற கர்ப்பிணிகளுக்குச் சொல்வதையே எனக்கும் சொன்னார். என் விஷயம் அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஏழரைக்கே சாப்பாடு முடிந்துவிடும். ஒன்பது மணிக்கு இரண்டையும் ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கினேன். மூன்று வாரம்.

அடுத்த முறை மையத்தில் ஆலோசகர் என் பையைக் கொட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். உணவில்லாமல் சேர்த்துப் போட்டால் இரும்பும் கால்சியமும் டோலுடெகிராவிரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மருந்து போதிய அளவு ரத்தத்தில் சேராது என்றார். இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோ டி.எல்.டி. போட வேண்டும், முடியாவிட்டால் எல்லாவற்றையும் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: காலை எட்டுக்குக் கால்சியம், பதினொன்றுக்கு இரும்பு, மதியம் இரண்டுக்குக் கால்சியம், இரவு ஒன்பதுக்கு அது. முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பெட்டகத்தில் வந்த இரும்பு டானிக்கையும் பதினொன்றில் சேர்த்தார். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கிக் குடித்த திரவத்தில் அலுமினியமும் மெக்னீசியமும் இருந்ததால் அதற்கும் இதே நேரக் கணக்கு; சாப்பாட்டோடு சேர்த்துப் போடும் வழி மட்டும் அதற்குப் பொருந்தாது.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே செவிலியரிடம் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, தாயி" என்றார். இன்று வரை ஊரில் யாருக்கும் அவர் வாயிலிருந்து போகவில்லை. ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நமக்கு வேறு மாத்திரை கொடுக்கிறவரிடம் மறைக்கக் கூடாது.

ஜனவரியில், முப்பத்து மூன்றாவது வாரத்தில், வைரஸ் அளவு பார்த்தார்கள். கண்டறிய முடியாத அளவு என்று வந்தது. அந்த மூன்று வாரம் நெஞ்சில் முள்ளாக இருந்ததால், தாளை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

பிரசவ வார்டில் என் கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கட்டிலில் தொங்கவிட்டிருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி என் சம்மதமில்லாமல் இதை வெளியே காட்டக் கூடாது என்று ஆலோசகர் சொல்லியிருந்ததால், என் கணவர் போய்க் கேட்டார். தைராய்டு பொய்யில் தடுமாறிய அதே மனிதர், அன்று தடுமாறவில்லை. தாளை மாற்றினார்கள். சுகப்பிரசவம். பெண், 2.7 கிலோ.

குழந்தைக்கு நெவிரபின் சிரப், தினமும் ஒன்றரை மில்லி, ஆறு வாரம். ஊசியில்லாத சிரிஞ்சில் அளப்பது பழகிவிட்டது. பழகாதது மாமியார். சேனை வைக்க வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீரோடு வந்தார். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். மருந்தைத் தவிர வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது, பாலோடு மற்றது கலந்தால் தொற்றும் வாய்ப்பு கூடும் என்பது எனக்குக் கண்டிப்பான உத்தரவு. பாட்டி முறை பறிபோன வருத்தத்தில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கிரைப் வாட்டருக்கு இன்னொரு சண்டை. அதிலும் நான்தான் ஜெயித்தேன்.

நாற்பத்தைந்தாம் நாள் குதிகாலில் குத்தி, அட்டையில் ரத்தப் பொட்டு எடுத்து அனுப்பினார்கள். தொற்று இல்லை. ஆறாம் மாதமும் இல்லை, பன்னிரண்டாம் மாதமும் இல்லை. பதினெட்டாம் மாதச் சோதனை 2025 செப்டம்பரில். எனக்கு மாத்திரை பிரசவத்தோடு முடிவதில்லை, ஆயுள் முழுக்க. மாமியாருக்கு இன்னும் அது தைராய்டுதான். ஒன்பது மணிக்கு அலாரம் அடித்தால் இப்போது அவரே தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார்.