"ஒரு மாதிரியா இருக்குதுங்க"

கால்நடை மருந்தகத்துக்கு வருகிறவர்கள் நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. காய்ச்சல் என்றுகூட முதலில் சொல்ல மாட்டார்கள். "ஒரு மாதிரியா இருக்குதுங்க டாக்டரு" என்பதுதான் காங்கேயம், தாராபுரம் பக்கம் வேலை பார்த்த காலத்தில் நான் அதிகம் கேட்டது. கூட்டத்தோடு சேராத ஆடு, மண்ணைத் தின்கிற கன்று, பால் கறக்க விடாமல் திடீரென்று முட்ட வருகிற மாடு என்று அந்த ஒரு மாதிரிக்குள் எல்லாம் அடங்கும். இரத்தமும் சாணமும் ஆய்வகத்துக்குப் போவது பிறகுதான். முதல் துப்பு நடத்தையில் கிடைக்கிறது. அந்த நடத்தையை உடம்புக்குள் இருக்கிற ஒட்டுண்ணியே மாற்றியிருக்கவும் கூடும்.

இங்கே கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவை முள்வேலி போட்டுப் படலைச் சாத்திவிட்டால் செம்மறிக்கு மேய்ப்பவர் தேவையில்லை. வசதிதான். ஆனால் ஒன்று மாறிப்போயிருப்பதைப் பார்க்கவும் ஆள் இருக்காது. வெள்ளகோவில் பக்கம் ஒரு காட்டில் மயிலம்பாடி இனச் செம்மறிக் குட்டி ஒன்று வேலியில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தது. விலக்கி விட்டால் இடது பக்கமாகவே வட்டம் போடும். மறுபடி எதிலாவது முட்டினால் பின்வாங்கத் தெரியாமல் அங்கேயே நிற்கும். அந்த வீட்டு அம்மா ஏற்கெனவே மந்திரித்துக் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தார். "திட்டி பட்ருக்குமுங்க, நல்ல குட்டிங்க இது" என்றார். மண்டையின் இடது பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். எலும்பு அமுங்கியது.

இதைச் சுற்று நோய் என்போம். நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை மலத்தோடு மேய்ச்சல் நிலத்தில் விழுகிறது. புல்லோடு சேர்த்து ஆடு அதைத் தின்றால், இளம்புழு குடலைத் துளைத்து இரத்த ஓட்டத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. சில மாதங்களில் அது நீர்க்கட்டியாகிவிடும். பெரும்பாலும் கட்டி இருக்கிற பக்கமாகத்தான் ஆடு சுற்றும். பார்வை போவது எதிர்ப்பக்கக் கண்ணில். அந்தக் குட்டி செத்தபின் மண்டையைத் திறந்து பார்த்தோம். கோழிமுட்டை அளவில் மெல்லிய பை, உள்ளே கண்ணாடி போலத் தெளிந்த நீர். பையின் உட்சுவரில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாடாப்புழுவின் தலை. நாய் அதை விழுங்கிவிட்டால் சுமார் ஆறு வாரத்தில் அதன் குடலில் முட்டையிடும் புழுக்கள் தயாராகிவிடும்.

புழு திட்டம் போட்டு ஆட்டைச் சுற்ற வைக்கிறதா என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. கட்டி வளர்கிறது, மூளை நசுங்குகிறது, ஆடு சுற்றுகிறது. ஆனால் கூட்டத்தை விட்டுப் பிரிந்து வட்டம் போடுகிற ஆட்டை அடிப்பது நாய்க்குச் சுலபம். அந்த வகையில் சேதம்கூடப் புழுவுக்கு லாபமாகிவிடுகிறது. திட்டத்துக்கும் சேதத்துக்கும் நடுவே கோடு போடுவது நாம் நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. காய்ச்சல் கண்ட மாடு தீனி எடுக்காமல், அசை போடாமல், நிழலில் ஒடுங்கிப் படுத்திருக்கும். இது கிருமியின் வேலையும் அல்ல, வெறும் பலவீனமும் அல்ல, உடம்பே எடுத்துக்கொள்கிற தற்காப்பு என்று 1988-இல் பெஞ்சமின் ஹார்ட் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் எழுதினார். காய்ச்சலுக்குச் செலவாகும் சக்தியை மிச்சம் பிடிக்கத்தான் அந்தப் படுக்கை. வெயில் நேரத்தில் செம்மறிகள் வட்டமாக நின்று ஒன்றின் வயிற்றடியில் இன்னொன்று மூக்கைச் செருகிக்கொள்வதையும் இதோடு சேர்க்கலாம். மூக்கில் புழுவை விட்டுப்போகும் ஈக்குப் பயந்தும் அப்படி நிற்கும். 'ஒரு மாதிரி' என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு ஆட்டின் சாமர்த்தியம்தான்.

செல்போனில் சுற்றுகிற கதைகள் வேறு ரகம். பூனை வளர்த்தால் மூளையில் கிருமி ஏறிப் புத்தி மாறிவிடும் என்று ஒரு செய்தி எனக்கே பலமுறை வந்திருக்கிறது. டாக்சோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி உண்மைதான். அது பூனையின் குடலில்தான் முழு வாழ்க்கைச் சுற்றை முடிக்கும். தொற்றிய எலிகள் பூனை வாடைக்கு அஞ்சாமல் நடமாடுவதை ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2000-இல் காட்டினார்கள். மனிதர் விஷயத்தில் பிராகாவின் யாரோஸ்லாவ் ஃபிளெகர் சாலை விபத்து வரை தொடர்பு சொன்னார். ஆனால் நியூசிலாந்தின் டனீடின் ஊரில் பிறந்த நாளிலிருந்து பின்தொடரப்பட்டவர்களில் 800-க்கு மேற்பட்டோரைச் சோதித்து 2016-இல் வெளிவந்த ஆய்வு, நடத்தையிலோ மனநலத்திலோ சொல்லும்படியான தொடர்பை அனேகமாகக் காணவில்லை. எனக்கு இந்தக் கிருமி ஞாபகத்துக்கு வருவது வெள்ளாடு கருச்சிதைந்து குட்டியை வீசிவிடும்போதுதான். கர்ப்பிணிகள் பூனைக் கழிவை அள்ள வேண்டாம் என்று சொல்வேன். அதற்கு மேல் பூனைமேல் பழி போட மாட்டேன்.

உண்மையில் நான் பயப்படுவது ரேபிஸுக்கு. வைரஸைப் பாடப்புத்தகம் ஒட்டுண்ணிகளிலிருந்து தனியே வைக்கும். இருக்கட்டும், நடத்தையைத் திருகுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. மூளையைப் பிடித்துக் கடிக்க வைக்கிறது, எச்சிலில் வந்து நிற்கிறது, விழுங்க முடியாமல் தொண்டையையும் முடக்கி அந்த எச்சிலை வழியவிடுகிறது. ஆனால் மாடு எப்போதும் மசநாய் மாதிரி வெறிகொண்டு அலையாது. வாயில் நுரை தள்ளும், கழுத்தை நீட்டிக் கரகரத்த குரலில் கத்திக்கொண்டே இருக்கும். தாராபுரம் பக்கம் ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "மாங்கொட்டை ஏதோ தொண்டையில சிக்கிக்கிச்சுங்க. கைய உட்டுத் துழாவிப் பாத்தனுங்க, ஒண்ணும் தட்டுப்படல." முழங்கை வரை விட்டிருந்தார். விரல்களில் அருகம்புல் அறுத்த கீறல்கள். மாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் அவரைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் பொருள் ஊசி, பிறகு 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தடுப்பூசி. "மாடு கடிக்கவே இல்லீங்களே, அப்பறம் எதுக்குங்க ஊசி?" என்று மூன்று தரம் கேட்டார். கடிக்க வேண்டிய அவசியமே அந்த வைரஸுக்கு அங்கே இல்லை. மாட்டின் மேல் அவர் வைத்திருந்த பாசமே போதுமானதாக இருந்தது.

மனிதரை ஆட்டிவைக்கிற ஒட்டுண்ணி எது என்று யாராவது கேட்டால் இந்தப் பெரியவர் கதையைத்தான் சொல்வேன். நரம்புச் சிலந்தி என்ற கினிப்புழுவும் நினைவுக்கு வரும். புழு வெளிவரும் காலில் எரிச்சல் தாங்காமல் ஆள் படிக்கிணற்றில் காலை நனைப்பார், புழு அங்கேயே குஞ்சுகளை விட்டுவிடும், அந்தத் தண்ணீரை ஊரே குடிக்கும். நீரை வடிகட்டவும் கிணற்றில் காலை வைக்காமலிருக்கவும் மக்களைப் பழக்கித்தான் அதை ஒழித்தார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல். மருந்தால் ஒழிந்த நோயல்ல அது.

சுற்று நோயும் அப்படித்தான் போக வேண்டும். ஆடு செத்தால் தோலை எடுத்துக்கொண்டு தலையைக் காட்டில் இருக்கும் நாய்க்கு வீசுவது இங்கே பழக்கம். தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆட்டைக் கடிப்பதற்கு எதிராக இந்தப் பகுதி விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடிய காலத்திலும் அந்தப் பழக்கம் மாறவில்லை. நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிராசிகுவாண்டெல் என்ற நாடாப்புழு மாத்திரை கொடுங்கள் என்றால், "நாய் நல்லாத்தானுங்களே இருக்குது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். நாடாப்புழு இருக்கிற நாய் அனேகமாக எந்த மாதிரியும் இருக்காது, அதே துள்ளல், அதே வாலாட்டல். கயிறு கட்டிய அந்த அம்மா மட்டும் நான் சொன்னதைக் கேட்டு இப்போது தலையைப் புதைக்கிறார். நாய் தோண்டிவிடுகிறது என்று குழியின் மேல் வேலமுள்ளை வெட்டிப் போட்டுக் கல் வைக்கிறார். பக்கத்துக் காட்டுக்காரருக்கும் அதையே சொல்லியிருக்கிறார். அவர் இன்னும் வீசிக்கொண்டிருக்கிறார்.